நீதவான் அண்ணை விசாரித்த எட்டுப் பாட்டுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு பாட்டு நல்லதா கெட்டதா என்று சொல்லும் தகுதி ஒரே ஒரு மனிதருக்குத்தான் உண்டு. அவருக்கு ஸவுக்கும் ரிக்கும் வித்தியாசம் தெரியாது. வீட்டில் ஒரு றேடியோகூட இல்லை. யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில், உடுப்பிட்டி வழியாக, மினிபஸ் ஓட்டுகிறவர் அவர்.

அவருக்கும் ஒரு சொந்தப் பெயர் இருக்கத்தான் வேண்டும். அது லைசென்சில் இருக்கிறது. பொலிசாரைத் தவிர வேறு யாரும் அதை வாசித்ததில்லை. ஊருக்கு அவர் நீதவான் அண்ணை. எழுபது வயதுக் கிழவரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவார்.

எங்கள் ஊர் மினிபஸ்களை அறியாதவர்களுக்காக ஒரு விளக்கம். எஞ்சின் பழசாக இருக்கும், சீற் கிழிந்திருக்கும், கதவைக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். ஆனால் பாட்டுச் செற் மட்டும் ஒரு கலியாண மண்டபத்துக்குக் காணும். எந்தப் பாட்டு எங்கள் சனத்தின் வாயில் ஏறும் என்பதைத் தீர்மானிப்பது வானொலியும் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை. பஸ்தான். பஸ்களுக்குள் நீதவான் அண்ணையின் பஸ்தான்.

மற்ற றைவர்மார் தங்களுக்குப் பிடித்த பாட்டைப் போடுவார்கள். நீதவான் அண்ணைக்கு அது பெரிய அநியாயமாகத் தெரியும். "என்ரை ருசி என்ன ருசி? நான் றோட்டைப் பாக்கிறவன். கேக்கிறது சனம். தீர்ப்பும் சனத்தின்ரைதான். நான் வாசிச்சு மட்டும் விடுறனான்" என்பார்.

விசாரணைக்கு ஒழுங்கு இருந்தது. புதுப்பாட்டு வந்தால் மூன்று ஓட்டம் போடுவார். காலையில் கந்தோருக்குப் போகிற சனத்துக்கு ஒன்று, மத்தியானம் சந்தைச் சனத்துக்கு ஒன்று, பின்னேரம் வீட்டுக்குத் திரும்புகிற சனத்துக்கு ஒன்று. தலைக்கு மேலே உள்ள கண்ணாடியில் எல்லாருடைய முகமும் காலும் தெரியும்படி சரித்து வைத்திருப்பார். பாட்டு நடக்கும்போது ஒருவர் தன் இடம் வருமுன்னமே பெல் அடித்து இறங்கினால் பாட்டுத் தோற்றது. பக்கத்துச் சீற்றுக்காரரோடு தோட்டத்துப் பசளையைப் பற்றிக் கதைத்தால் பாட்டுக்கு எச்சரிக்கை. மூன்று ஓட்டத்துக்குள் ஒரே ஒரு ஆளாவது பாட்டில் மயங்கித் தன் இடத்தில் இறங்க மறந்தால் பாட்டு வென்றது. மேன்முறையீடு கிடையாது.

ஒருமுறை நாதஸ்வர இசைத்தட்டு ஒன்று ஓடியபோது, கோப்பாயில் இறங்க வேண்டிய தபால் கந்தோர்க்காரர் ஒருவர் கண்ணை மூடியபடி பல மைல் தாண்டி வல்லை வெளிவரை வந்துவிட்டார். நீதவான் அண்ணை பஸ்ஸை நிறுத்தினார். இறங்கிப் போய் அவருடைய கையைப் பிடித்து இறக்கினார். எதிரே வந்த பஸ்ஸை மறித்து, மாப்பிள்ளையைக் காரில் ஏற்றுவது போல ஏற்றிவிட்டார். "இவர் பாட்டுக் கேட்டுப் பிந்தினவர். கோப்பாயிலை பக்குவமா இறக்கிவிடும்" என்று அந்த றைவருக்குக் கட்டளையும் போட்டார்.

தோற்ற பாட்டுகளுக்கு இந்த மரியாதை இல்லை. பஸ் நீர்வேலியைக் கடக்கும்போது இசைத்தட்டைக் கழற்றி யன்னலுக்கு வெளியே வீசுவார். அங்கே வீதியோரத்து வாழைத்தோட்டக்காரர் அவற்றைப் பொறுக்கி, கிளியையும் அணிலையும் கலைக்கக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார். வெயில் அடித்தால் அந்தத் தோட்டத்தில் கண் கூசும். தமிழ்நாட்டின் பெரிய பெரிய இசையமைப்பாளர்களின் வேலையெல்லாம் அங்கே எங்கள் கதலிக்குக் காவல் நின்றது.

ஆள்பார்த்து நீதி என்பதும் அவரிடம் இல்லை. கோயில் தர்மகர்த்தா ஒருவர் தாங்கள் வெளியிட்ட பக்திப் பாட்டைக் கொண்டுவந்து, "இது சாமி விசயம், விசாரணை தேவையில்லைத்தானே?" என்றார். "பிள்ளையார் எண்டாலும் மூண்டு ஓட்டம் ஓடத்தான் வேணும்" என்றார் நீதவான் அண்ணை. பாட்டு இரண்டாம் ஓட்டத்தில் தோற்றது. தோற்றது பிள்ளையார் இல்லை, பாடினவர்தான் என்று தர்மகர்த்தாவுக்கு அவர் ஆறுதலும் சொன்னார். கனடாவிலிருந்து வந்த ஒருவர், மகள் பாடிய இசைத்தட்டோடு ஒரு போத்தலையும் நீட்டிப் பார்த்தார். அவரை வல்லை வெளி நடுவில், நிழலுக்கு ஒரு பற்றைகூட இல்லாத இடத்தில், போத்தலோடு இறக்கிவிட்டுப் போனது பஸ்.

இப்பேர்ப்பட்ட மனிதரிடம்தான் எங்களுடைய முதல் இசைத்தொகுப்பு போய் நின்றது.

நாங்கள் மூன்று பேர். உடுப்பிட்டி ஷாலினி பாட்டும் கிற்றாரும். மிஷன் பள்ளிக்கூடத்துக் குடும்பம். தேவாலயப் பாடகர் குழுவில் பத்து வருடம் அடக்கிப் பாடிய குரலையெல்லாம் எங்களோடு சேர்ந்த பிறகு திறந்துவிட்டவள். மயிலிட்டிக் குகன் டிரம்ஸ். நான் நீர்வேலி, பேஸ் கிற்றார். பேஸ் கிற்றார் என்பது நிற்கும்வரை யாருக்கும் கேட்காத வாத்தியம். அப்பாவின் வாழைக்குலை பழுக்கப்போடும் கொட்டில்தான் எங்கள் ஒத்திகைக் கூடம். குகன் அடிக்கிற அடியில் குலை ஒரு நாள் முந்திப் பழுக்கிறது என்று அப்பா சொல்லிக்கொள்வார். இசைக்குழுவின் பெயர் 'நாலாம் குறுக்கு'. தொகுப்பின் பெயர் 'காயாத உடுப்பு'. எட்டுப் பாட்டு.

இரண்டு வருடத்துக்கு முந்தி அதை வெளியிட்டோம். இணையத்திலும் போட்டோம், நூறு இசைத்தட்டும் அடித்தோம். விளக்கேற்றினோம், வரவேற்புரை, வாழ்த்துரை, நயவுரை எல்லாம் நடந்தது. நயவுரை சொன்னவர் நாற்பது நிமிடம் தன் இளமைக்காலத்தை நயந்துவிட்டு உட்கார்ந்தார்.

பிறகு விமர்சனங்கள் வரத் தொடங்கின. வார இறுதிப் பத்திரிகை ஒன்று, 'இளையோரின் முயற்சி பாராட்டுக்குரியது, மேலும் வளர வாழ்த்துகள்' என்று எழுதியது. இது தமிழில் உள்ள மிகக் கொடூரமான வசனம். இன்னொருவர் மேலைத்தேய மோகம் எங்கள் மண்ணைச் சீரழிக்கிறது என்று அரைப் பக்கம் அழுதார். தொகுப்பின் பெயரையே பிழையாக எழுதியிருந்தார். வெளிநாட்டு இணையத்தளம் ஒன்று எங்களை ஒரேயடியாகப் புகழ்ந்தது. 'காயாத உடுப்பு' என்பது ஆறாத போரின் ரணமாம். அதில் வருகிற உடுப்புக் காயப்போடும் கொடி, ஓர் இனத்தின் அறுந்த நரம்பாம்.

ஷாலினி தலையில் கைவைத்தாள். "ஐயோ, அது உண்மையாவே உடுப்புத்தான். மாரியிலை குகனின்ரை காற்சட்டை நாலு நாளாக் காயேல்லை. அதைத்தானே எழுதினனான்."

"என்ரை காற்சட்டைக்குள்ளை இவ்வளவு சோகம் இருந்தது எனக்கே தெரியாது" என்றான் குகன்.

சிரித்தோம். ஆனால் மூன்று விமர்சனத்தையும் வாசித்து முடித்தபோது ஒன்று விளங்கியது. மூன்று பேரில் ஒருவரும் எங்கள் பாட்டைக் கேட்கவில்லை. திட்டினால்கூடத் தாங்கியிருப்போம். கேட்காமல் வாழ்த்தியதுதான் நெஞ்சில் குத்தியது.

குகனின் அப்பாவும் பத்திரிகை வாசிக்கிறவர். மயிலிட்டித் துறையில் சொந்தப் படகு வைத்திருக்கிற மனிதர், வளைத்துப் பேசத் தெரியாதவர். பத்திரிகையை மடித்து மகன் முன்னால் போட்டார். "முயற்சியாம். முயற்சி செய்தவனுக்குக் கடல் மீன் குடுக்குமே? போய் நீதவானின்ரை பஸ்ஸிலை போடு. அங்கை வெண்டால் நீ அடி, நான் ஒண்டும் கதைக்கேல்லை. தோத்தால் அடுத்த நாளே என்னோடை படகிலை ஏறு. உந்த மேளத்தை ஆருக்கும் குடு."

படகில் ஏறினால் குகன் திரும்பி வரமாட்டான் என்பது எங்களுக்குத் தெரியும். கடலுக்குப் போகிறவனுக்குப் பகல் முழுக்க நித்திரை, பொழுதுபட்டால் வலை. வேறு டிரம்ஸ்காரன் தேடலாம் என்று யாரோ சொன்னார்கள். குகன் இல்லாத நாலாம் குறுக்கு எங்களுக்கு வேண்டாம் என்று ஷாலினி அன்றே சொல்லிவிட்டாள்.

அடுத்த நாள் பஸ் நிலையத்துக்குப் போனோம். நீதவான் அண்ணை பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். இசைத்தட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"எத்தினை பாட்டு?"

"எட்டு, அண்ணை."

"எத்தினையிலை கத்துறியள்?"

ஷாலினி உண்மையைச் சொன்னாள். "ரெண்டிலை அண்ணை. மூண்டாவதிலை எப்பன், கொஞ்சம்தான்."

"சரி. வழக்காளியள் பஸ்ஸிலை ஏறலாம். வாய் திறக்கேலாது. முகத்தையும் காட்டக் கூடாது. உங்கடை முகத்தைப் பாத்தால் சனம் பாவம் பாக்கும்."

அதனால்தான் அடுத்த நாள் முழுக்க நாங்கள் மூன்று பேரும் மோட்டார்சைக்கிள் ஹெல்மெற்றைப் போட்டபடி பஸ்ஸின் நடுச் சீற்றில் வரிசையாக இருந்தோம். ஒரு ஆச்சி எங்களை நீண்ட நேரம் பார்த்துவிட்டுக் கொண்டக்டரைக் கேட்டா: "தம்பி, பஸ் அவ்வளவு வேகமாவே ஓடப்போகுது?"

காலை ஓட்டம் படுதோல்விக்குக் கிட்டப் போய் வந்தது. முதல் பாட்டில் ஒரு குழந்தை அழத் தொடங்கி, பாட்டு முடியும்வரை நிறுத்தவில்லை. இரண்டாம் பாட்டு நடுவில் பேஸ் கிற்றார் மட்டும் தனியாக வரும் இடம் ஒன்று உண்டு. என் வாழ்க்கையின் பெருமை அது. அந்த இடத்தில் ஒரு வாத்தியார் எழும்பி, "றைவர், எஞ்சினுக்குள்ளை ஏதோ கடகடக்குது, நிப்பாட்டிப் பாரும்" என்றார்.

"எஞ்சின் இல்லை மாஸ்டர், பாட்டு" என்றார் கொண்டக்டர்.

"பாட்டே! அப்ப அதை நிப்பாட்டும்."

ஹெல்மெற்றுக்குள் என் கண் கலங்கியதை யாரும் பார்க்கவில்லை. பெல் அடித்து முந்தி இறங்கியவர் மட்டும் ஒருவரும் இல்லை. கந்தோருக்குப் பிந்தும் என்ற பயமாக இருக்கலாம்.

மத்தியான ஓட்டம் பரவாயில்லை. மூன்றாம் பாட்டில் ஷாலினி கத்துகிற இடத்தில், கத்தரிக்காய்ச் சாக்கோடு இருந்த ஒரு மனிசி, "பாவம், அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்ததோ" என்று கவலைப்பட்டா. கவலை சாதகமா பாதகமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. நீதவான் அண்ணை கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கியரை மாற்றினார். யாரும் இறங்க மறக்கவுமில்லை.

பின்னேர ஓட்டம் யாழ்ப்பாணத்தில் வெளிக்கிட்டது. இது கடைசி. பஸ் நிறையச் சனம். வெளிக்கிடும் நேரத்தில் கையில் ஒரு படகு எஞ்சின் சாமானோடு ஓடிவந்து ஏறியவரைக் கண்டதும் குகன் ஹெல்மெற்றின் முகமூடியைச் சடாரென்று இறக்கினான். அவனுடைய அப்பா! சாமான் வாங்க ரவுணுக்கு வந்தவர், மகன் தோற்பதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இந்த பஸ்ஸைப் பிடித்திருக்கிறார். ஆவரங்காலில் இறங்கி அச்சுவேலிப் பக்கத்தால் மயிலிட்டிக்குப் போக வேண்டியவர். பின்சீற்றில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று பாட்டுகள் போயின. இருபாலை போனது, கோப்பாய் போனது. எல்லாரும் தங்கள் தங்கள் இடத்தில் ஒழுங்காக இறங்கினார்கள். மனிதர் இவ்வளவு ஞாபகசக்தியோடு இருப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. நீர்வேலித் தோட்டம் வந்தபோது நீதவான் அண்ணையின் கை இசைத்தட்டை நோக்கிப் போகிறதா என்று பார்த்தேன். போகவில்லை. கியரில்தான் இருந்தது.

புத்தூர் தாண்டி ஏழாவது பாட்டு வந்தது. அதற்குக் குகன்தான் சொந்தக்காரன். விடியற்புறத்தில் படகு எஞ்சின் பிடிக்கிற சத்தத்தை அவன் டிரம்ஸில் அடிக்கிறான். முதலில் இழுத்து இழுத்து விடுகிறது, பிடிக்கவில்லை. பிறகும் பிடிக்கவில்லை. பிறகு பிடித்து, ஒரே சீராக ஓடத் தொடங்குகிறது. அதற்கு மேலே ஷாலினி கத்தாமல், ஒரு ஆளுக்குச் சொல்வது போல மெதுவாகப் பாடுகிறாள். நான் பேஸில் ஒரே ஒரு தந்தியைத்தான் தொடுகிறேன். அந்தப் பாட்டில் எனக்கு அவ்வளவுதான் வேலை.

பஸ் வல்லை வெளிக்குள் இறங்கியது. இரண்டு பக்கமும் நீர், காற்று யன்னலால் அடித்தது. பசளைக் கதை நின்றது. போனில் கதைத்தவர் போனை மடியில் வைத்தார். ஒருவரும் பெல் அடிக்கவில்லை. பாட்டு முடிந்தபோது கொண்டக்டர் தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"அண்ணை! என்ன இது, நெல்லியடி வருது!"

உடுப்பிட்டிக்குத் திரும்ப வேண்டிய சந்தியில் பஸ் திரும்பவில்லை. நேரே போய்விட்டது. இருபத்திரண்டு வருடமாகத் திரும்பிய, கண்ணை மூடிக்கொண்டும் திரும்பக்கூடிய சந்தி. நீதவான் அண்ணை பிறேக்கை மிதித்து, பஸ்ஸை ஓரம் கட்டினார்.

நாங்கள் ஹெல்மெற்றைக் கழற்றி எறிந்துவிட்டுத் துள்ளினோம். ஷாலினி கொண்டக்டரைக் கட்டிப்பிடித்தாள். "வெண்டிட்டம்! றைவரே வழி மறந்திட்டார்!"

"இருங்கோ" என்றார் நீதவான் அண்ணை. "இது செல்லாது."

"ஏன் அண்ணை?"

"நான் நீதவான். நீதவான் தன்ரை கோட்டிலை தானே சாட்சி சொல்லேலாது."

சனம் கொதித்தது. உடுப்பிட்டிக்குப் போகிற ஒரு அம்மா எழும்பி, "நாங்களும்தானே சந்தியை விட்டிட்டம்? ஒருத்தரும் பெல் அடிக்கேல்லையே!" என்றா.

"உங்களைக் கொண்டு வந்தது நான். நீங்கள் இறங்கிற இடம் இன்னும் வரேல்லை. அது வராமல் இறங்க மறக்கேலாது. சட்டம் சட்டம்தான்." சொல்லிவிட்டுப் பாவமாக எங்களைப் பார்த்தார். தீர்ப்பு அவருக்கே பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு பழக்கதோஷத்தில் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே திரும்பினார்.

"பின்சீற்றிலை இருக்கிற ஐயா! நீங்கள் எங்கை இறங்க வேணும்?"

பஸ் முழுக்கத் திரும்பியது. குகனின் அப்பா எஞ்சின் சாமானை மடியில் இறுக்கிப் பிடித்தார்.

"நான்... ஆவரங்கால்."

"ஆவரங்கால் வல்லைக்கு முந்தியே போட்டுது ஐயா."

"நித்திரையாப் போனன்."

"நித்திரை கொள்ளுற ஆளின்ரை கால் தாளம் போடுமே? ஆவரங்காலிலை இருந்து கண்ணாடியிலை பாத்துக்கொண்டு வாறன். வலது கால். ஒரு அடி பிசகேல்லை."

அவரை ஏற்கனவே தெரிந்த கொண்டக்டருக்கு மனம் பொறுக்கவில்லை. "அண்ணை, இவர் டிரம்ஸ் அடிக்கிற பெடியன்ரை தேப்பன். சொந்தக்காரன்ரை சாட்சி செல்லுமே?"

நீதவான் அண்ணை குகனைக் கூப்பிட்டு விசயத்தைக் கேட்டார். குகன் பத்திரிகை, படகு, நிபந்தனை எல்லாவற்றையும் தலையைக் குனிந்தபடி சொன்னான். சொல்லி முடிக்க, நீதவான் அண்ணையின் முகம் விளக்குப் போட்ட மாதிரி வெளிச்சமானது.

"அப்ப இவர் சொந்தக்காரன் இல்லை. எதிர்க்கட்சி! எதிர்க்கட்சி தன்ரை வாயாலை ஒத்துக்கொண்டால் வேறை சாட்சி என்னத்துக்கு?" சீற்றில் நிமிர்ந்து இருந்தார். "ஐயா, கடைசியாக் கேக்கிறன். நித்திரையோ, பாட்டோ?"

மயிலிட்டிக்காரர் மகனைப் பார்த்தார். பிறகு யன்னலைப் பார்த்தார். பிறகு, யன்னலுக்குச் சொல்வது போலச் சொன்னார்: "எஞ்சின் பிடிக்கிற சத்தம் அப்பிடியே இருக்கு. முதல் இழுப்பிலை பிடிக்கேல்லைத்தானே? என்ரை எஞ்சினும் பிடியாது. இவன் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்."

"தீர்ப்பு" என்றார் நீதவான் அண்ணை. "பாட்டுத் திறம்."

பஸ்ஸில் எழும்பிய சத்தம் நெல்லியடிச் சந்தைக்குக் கேட்டிருக்கும். அந்த அம்மா எங்களுக்கு வாழைப்பழம் தந்தா. எட்டாவது பாட்டைப் போடச் சொல்லிச் சனமே கேட்டது. பஸ் திரும்பி உடுப்பிட்டிக்குப் போனபோது எல்லாருமே வீட்டுக்கு ஒரு மணித்தியாலம் பிந்தினார்கள், ஒருவரும் முறைப்படவில்லை. குகனின் அப்பா பருத்தித்துறைவரை எங்களோடு வந்தார். எஞ்சின் சாமானை மகன் கையில் கொடுத்துவிட்டு, டிரம்ஸுக்கு எத்தனை தோல் என்று விசாரித்தார். ஒரு மாதத்துக்குள் ஏழாவது பாட்டு குடாநாட்டின் எல்லா பஸ்ஸிலும் ஓடியது. எங்களை வாழ்த்திய பத்திரிகை எங்களைக் கண்டுபிடித்ததே தாங்கள்தான் என்று எழுதியது. அதற்கும் சிரித்தோம்.

நீதவான் அண்ணைக்கு மட்டும் ஒரு கரைச்சல் வந்தது. பாதையை விட்டு விலகிய பஸ்ஸுக்கு விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது பஸ்காரரின் சங்கத்து விதி. சங்கத்துச் செயலாளர் நல்ல மனிதர். "ரயர் காத்துப் போனது, திருத்திற கடை தேடிப் போனனான் எண்டு எழுதுங்கோ அண்ணை, விட்டிடுவம்" என்றாராம். நீதவான் அண்ணை சம்மதிக்கவில்லை. காரணம் என்ற இடத்தில் தன் கையால் எழுதினார். அதற்காகச் சங்கம் இரண்டு நாள் அவருடைய பஸ்ஸை ஓடவிடவில்லை.

அவர் இதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொண்டக்டர்தான் அந்தக் கடதாசியைப் போனில் படம் பிடித்துக் கொண்டுவந்து காட்டினார். உருட்டி உருட்டி எழுதிய எழுத்து, கீழே கையெழுத்து.

'பாட்டுக் கேட்டுக்கொண்டு போனேன். நல்ல பாட்டு. பெடியளில் பிழை இல்லை.'

எங்களுக்காக ஒரு மனிதர் இரண்டு நாள் வீட்டில் சும்மா இருந்திருக்கிறார்.